சூடு சொரணை

அன்றைய முதல் தட்டு பன் அடுப்பிலிருந்து வெளியே வந்தபோது எங்கள் பேக்கரியில் எல்லாரும் கைவேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தோம். என் வீட்டுக்காரர் புதுக் கையை நீட்டி ஒரு பன்னை மெல்ல அமுக்கினார்.

மாவு பிசையும் மெஷின் அவருடைய வலது கையை வாங்கிக்கொண்டு இரண்டு வருடமாகிறது. அதற்கு முன்னால் நாளைக்குப் பத்துத் தடவையாவது அவரிடம், "உங்களுக்குச் சூடு சொரணை இருக்கா?" என்று கேட்டிருப்பேன். ஈரத்துண்டைக் கட்டிலில் போட்டாலும் அதுதான், என் அண்ணன் எதிரில் கொட்டாவி விட்டாலும் அதுதான். மனுஷன் பல்லைக் காட்டிவிட்டுப் போவார். விபத்துக்குப் பிறகு மாட்டிய ரப்பர் கையை ஒருநாள் கொதிக்கும் தட்டின் மேல் வைத்துக்கொண்டு யாருடனோ அரட்டை அடித்துக்கொண்டிருந்தார். கருகல் வாடை வந்துதான் அவருக்கே தெரிந்தது. நாக்கு நுனிவரை வந்த கேள்வியை அப்படியே விழுங்கினேன். அன்றோடு அவர் அடுப்பை விட்டுக் கல்லாவுக்குப் போனார், நான் அந்த வார்த்தையை விட்டேன். திட்டாமல் குடும்பம் நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத்தான் தெரியும்.

இந்தப் புதுக் கையின் விரல்களில் மெல்லிய மின்தோல் ஒன்றைப் போர்த்தியிருந்தார்கள். அமுக்கினால் அமுக்கமும் சுட்டால் சூடும் குளிர்ந்தால் குளிர்ச்சியும் அவர் மேல்கையில் கட்டிய பட்டையில் தெரியும். ஆராய்ச்சிக்கூடத்தில் எல்லாம் சரியாகத்தான் வந்தது. அதைச் செய்த பெண்ணே கடைக்கு வந்து பக்கத்தில் நின்றாள். இங்கேயும் தெரிந்தால் அடுப்புக்கு வருவேன், இல்லாவிட்டால் கடைசிவரை கல்லாதான், அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்காதே என்று முந்தின நாளே அவர் சொல்லிவிட்டார்.

"மெத்துன்னு தெரியுது," என்றார். கொஞ்சம் கழித்து, "சூடு தெரியல."

 அந்தப் பெண் மடிக்கணினியைத் தட்டிப் பார்த்தாள், பட்டையை இறுக்கிப் பார்த்தாள். கடைசியில் அவர் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினாள்.

"அக்கா, இது என்ன?"

எங்கள் வீட்டில் ரிமோட்டுக்கு உறை, சோபாவுக்கு உறை. புதுப் போனின் மேல் ஒட்டிய தாளைக்கூட யாரையும் உரிக்க விடமாட்டேன். இவ்வளவு அருமையான கை மாவில் அழுக்காகிவிடுமே என்று, கண்ணாடி மாதிரியான கெட்டி பிளாஸ்டிக்கில் விரல் விரலாக அளவெடுத்து ஓர் உறை தைத்திருந்தேன். கிளம்பும்போது நானே மாட்டியும் விட்டேன். என்னோடு வாதாடிப் பிரயோஜனமில்லை என்று அவரும் பேசாமல் கையை நீட்டியிருந்தார்.

அசடு வழிந்தபடி உறையை உருவினேன். அவர் இன்னொரு பன்னை எடுத்தார். எடுத்தவர் வெடுக்கென்று கையை உதறினார், பன் தரையில் உருண்டது.

"சுடுது," என்றார்.  இன்னொன்றைத் தொட்டார், உதறினார், சிரித்தார், அடுத்ததைத் தொட்டார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்ததில் வாய் தன் பழைய பாட்டுக்குப் போய்விட்டது.

"விக்கிற பண்டத்தக் கீழ போட்டுட்டுச் சிரிக்கிறீங்களே, சூடு சொரணை இருக்கா உங்களுக்கு?"

 அவர் மாவு மேஜையில் புதுக் கையை ஊன்றி என்னைப் பார்த்தார்.

"இருக்குடி," என்றார். அந்தக் கையாலேயே என் மூக்கைப் பிடித்து, "உன் மூக்குதான் சில்லுன்னு கெடக்கு."

அன்று முழுக்கக் கல்லாவில் நான்தான் உட்கார்ந்திருந்தேன், மூக்கு நுனியில் மாவோடு.