பதினாலாயிரம் மேசான்கள்

தங்கையின் நிக்காஹ் முடிந்து நான்காம் நாள். அலுவிகாரை வீட்டின் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்தாள், கலியாணத்துக்காக ஊருக்கு வந்திருந்த ஜெஸ்லா. ஐரோப்பாவில், நிலத்துக்கு அடியில் புரோத்தன்களை மோதவிடும் ஆய்வில் ஐந்து வருடமாக வேலை செய்கிறவள். ஒவ்வொரு மோதலிலும் ஃபை மேசான் என்ற நுண்துகள் எத்தனை பிறக்கிறது என்று அளப்பது அவள் பங்கு. கோட்பாடு சொன்னதைவிட நாற்பது சதவீதம் கூடுதலாக அவள் கண்டிருந்தாள். அதைப் பற்றிய கட்டுரை சஞ்சிகைக்கும் போயிருந்தது. அன்று பின்னேரம் மூன்று மணிக்கு, முழுக் குழுவுக்கும் இணையவழியில் அதை விளக்க வேண்டும்.

மேசான் பிறந்த கணமே சிதைந்துவிடும். அது விட்டுப்போகும் துகள்களைப் பிடித்துத்தான் எண்ண வேண்டும். கருவி பத்தில் ஏழைத்தான் பிடிக்கும். தப்பிய மூன்றை ஈடுகட்ட ஒரு திருத்த அட்டவணை உண்டு. அதைத் தயாரித்தவளும் ஜெஸ்லாதான்.

யாராவது கேட்டால் காட்டலாமே என்று, கணினியில் செயற்கையாக உண்டாக்கிய மோதல்களில் பத்தாயிரம் மேசான்களைப் போட்டுத் தன் நிரலை ஓட்டிப் பார்த்தாள். பத்தாயிரம்தான் திரும்பி வர வேண்டும்.

பதினாலாயிரத்துச் சொச்சம் வந்தது.

மறுபடி ஓட்டினாள். அதே எண். அட்டவணையைத் திறந்து வரி வரியாகப் பார்த்தாள். போன வருடம் அதைப் புதுப்பித்தபோது, திருத்தம் ஏற்கெனவே சேர்ந்திருந்த கோப்பிலேயே அதே திருத்தத்தை இன்னொரு தடவை சேர்த்திருந்தாள். அதற்குப் பிறகு சோதித்துப் பார்க்கவே இல்லை.

"மகள், சோறு ஆறுது. என்ன, முகமெல்லாம் வெளுத்துப் போச்சி?" உம்மா ஸரீனா வந்து நின்றார்.

"கொஞ்சம் பொறுங்க உம்மா."

அப்படியானால் சசிக்குமாருக்கும் எப்படி அதே நாற்பது சதவீதம் கிடைத்தது? அவள் மாவட்டத்திலேயே, யட்டவத்தப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, இப்போது ஜெனீவாவில் ஆய்வு மாணவனாக இருப்பவன். ஒருவர் பிழையை மற்றவர் பிடிக்கவென்று, அதே அளவீட்டைத் தனியாகச் செய்பவன். இரண்டும் பொருந்தியதால்தான் குழுவே நம்பியது. உடனே அவனை அழைத்தாள்.

"சசி, திருத்தத்த எங்கருந்து எடுத்தீங்க?"

"ஒங்க அட்டவணையத்தாங்க்கா போட்டேன்."

"என்ன சொல்றீங்க! நீங்க தனியாவுல்ல செஞ்சிருக்கணும்!"

"செஞ்சேனே. எனக்குக் கோட்பாடு சொன்ன அளவுதான் வந்துச்சு. சசி எங்கயோ கோட்ட விட்டுட்டாருன்னு எல்லாரு முன்னாலயும் நீங்கதான சொன்னீங்க? ஆறு மாசம் தேடுனேன். பிழையே கெடைக்கல. கடைசியில என்னோட அட்டவணைய எடுத்துட்டு ஒங்களோடத வச்சேன். பொருந்திருச்சு. யாருகிட்டயும் சொல்லல."

ஜெஸ்லாவுக்கு அந்தக் கூட்டம் நினைவுக்கு வந்தது. தான் சிரித்துக்கொண்டே அதைச் சொன்னதும் நினைவுக்கு வந்தது.

"சசி, ஒங்க மொதல் கணக்குதான் சரி. பிழை என்னோடது."

"ஆறு மாசம்க்கா," என்றான். "எனக்கு இந்தப் படிப்பு சரிவராதுன்னு ஊருக்கே வந்துரப் பாத்தேன்."

ஜெஸ்லா அவனிடம் மன்னிப்புக் கேட்டாள்.

"மூணு மணிக்கு எல்லாத்தையும் சொல்லிடுறேன்."

"நானும் பேசுறேன். நான் மறைச்சதும் தப்புதான."

மூன்று மணிக்கு நாற்பது பேர் திரையில் இருந்தார்கள். ஜெஸ்லா பதினாலாயிரம் என்ற எண்ணைக் காட்டி, நடந்ததைச் சொல்லி முடித்தாள். அடுத்துச் சசிக்குமார் தன் பங்கைச் சொன்னான். சஞ்சிகைக்கு அனுப்பியிருந்த கட்டுரையை அன்றே திரும்பப் பெற்றார்கள்.

நான்கு மாதம் கழித்து, சசிக்குமாரின் பழைய கணக்கோடு புதிய கட்டுரை வெளிவந்தது. அதில் அதிசயம் எதுவும் இல்லை. கோட்பாடு சொன்ன அளவுக்கே மேசான்கள் பிறந்திருந்தன.