நிற்காத பென்ஷன்

ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடும்போதெல்லாம் அவள் காதில் ஒரு பொருளாதார பாட்காஸ்ட் ஓடும். அரசு ஓய்வூதிய நிதியில் எவ்வளவு துண்டு விழுகிறது, அதை யார் தலையில் கட்டலாம் என்று ஒருவர் வாராவாரம் நிதானமாகப் பேசுவார். அவளுக்கு வேண்டியது ஒரே செய்தி. மறுமணம் செய்துகொண்டால் விதவையின் பென்ஷன் நின்றுவிடும் என்ற விதியை எடுப்பார்களா, மாட்டார்களா?

கணவர் மின்வாரியத்தில் லைன்மேன். கம்பத்தில் ஏறியவர் உயிரோடு இறங்கவில்லை. அவருடைய பென்ஷனில்தான் அவளும் மாமியாரும் வாடகை கட்டுகிறார்கள். அதே ஆஸ்பத்திரியின் ஆம்புலன்ஸ் ஓட்டுநர் அவளைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டபோது அந்த விதியைத்தான் காரணமாகச் சொன்னாள். அன்றிலிருந்து அவரும் வண்டியில் அந்த பாட்காஸ்ட்டையே கேட்க ஆரம்பித்தார். பேசுகிறவருக்குத் 'தரகர்' என்று பெயரும் வைத்துவிட்டார்.

"இன்னிக்கு என்ன சொல்றாரு நம்ம தரகர்?"

"நிதி பத்தலையாம். எல்லாரும் ரொம்ப நாள் உயிரோட இருக்கோமாம்."

"அடப்பாவி! அதுக்காக நான் ஆம்புலன்ஸை மெதுவா உருட்டிக்கிட்டா போக முடியும்?"

ஒரு நாள் மதியம் அவர் அழுக்குத்துணி மூட்டையைப் போட்ட கையோடு ஓடிவந்தார். "கேட்டீங்களா? விதியை எடுத்துட்டாங்க! அந்த விதியால நிதிக்கு ஒண்ணும் மிச்சமாகலையாம். பென்ஷன் போயிடுமேன்னு யாரும் கல்யாணமே பண்ணிக்கலையாம்!"

அவளும் கேட்டிருந்தாள். இஸ்திரிப் பெட்டியை அணைத்தாள். சொல்ல இனி காரணம் இல்லை. பதில்தான் சொல்ல வேண்டும்.

"வாடகைன்னு சொன்னது பொய்யில்லைங்க. ஆனா ஒண்ணாம் தேதி அந்தப் பணம் வர்றப்ப, அவரே சம்பளத்தோட வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும். அத்தைக்கும் அப்படித்தான். அந்த வீட்டுல உங்களால இருக்க முடியுமா?"

முடியும் என்று சொல்ல வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். "தெரியலைங்க. வந்து பார்த்தாத்தான் தெரியும்."

அடுத்த ஒண்ணாம் தேதி மாலை வந்தார். மாமியார் நாற்காலியைக் காட்டிவிட்டு அவரைத் தலையிலிருந்து கால்வரை அளந்தாள்.

"ரொம்ப வேகமா ஓட்டுவியாமே?"

"பேஷண்ட் உள்ள இருந்தா மட்டும்தாம்மா."

மேஜைமேல் கைபேசியில் வங்கியின் குறுஞ்செய்தி ஒலித்தது. மாமியார் அதைப் பார்த்தாள்; பிறகு கதவைப் பார்த்தாள்.

"வந்துட்டான்," என்றாள் மெதுவாக.

மருமகள் தரையைப் பார்த்தபடி நின்றாள். நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. கிளம்பிவிட்டார் என்று நினைத்தாள். நிமிர்ந்தபோது அவர் கதவைப் பார்த்து எழுந்து நின்றிருந்தார், வீட்டுக்காரர் உள்ளே வரும்போது வந்த விருந்தாளி எழுந்து நிற்பதுபோல.

"உட்காருங்க," என்றாள். "எனக்குச் சம்மதம். அத்தைகிட்ட நீங்களே கேட்டுடுங்க."

மாமியார் கதவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அவன்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கப்பா," என்றாள்.

ஓட்டுநர் உட்காராமலே கேட்டார்.