ஐஸ் பெட்டியில் உண்ணாமலை

கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் செபமாலைக்குக் கை ஓயாது. கீரனூரில் பிணம் வைக்கும் ஐஸ் பெட்டியை வாடகைக்கு விடுகிறவர் அவர். மழைக்காலத்தில் பெட்டி ஷெட்டில் தூசி படிந்து கிடக்கும். வைகாசியில் ஒரு வீட்டில் இறக்கி முடிப்பதற்குள் அடுத்த வீட்டிலிருந்து போன் வந்துவிடும். வயதானவர்கள், சர்க்கரை நோயாளிகள், தகரக் கொட்டகையில் மத்தியானம் படுத்து எழுந்திருக்காதவர்கள். "ஹார்ட் அட்டாக்குங்க" என்பார்கள் வீட்டார். அவரும் தலையாட்டி வைப்பார். வெயில் என்று ஒருவரும் வாய் திறந்து சொன்னதில்லை. ஊர் அழுகிற மாதத்தில்தான் தன் வீட்டு அடுப்பு நன்றாக எரிகிறது என்பதில் அவருக்குக் கொஞ்சம் கூச்சம் உண்டு. அதற்காகத் தொழிலை விட்டுவிட முடியுமா?

அன்று நார்த்தாமலையில் ஒரு ரைஸ்மில் முதலாளியின் தாயார் காலமாகியிருந்தார். இளைய மகன் சிங்கப்பூரிலிருந்து வந்து சேரும்வரை உடலை வைத்திருக்க வேண்டும். பேரம் பேசாத வீடு. செபமாலை பெட்டியைக் குட்டியானை வண்டியில் ஏற்றி, பக்கத்திலேயே ஜெனரேட்டரையும் ஓடவிட்டுக்கொண்டு கிளம்பினார். போய் இறக்கும்போதே பெட்டி சில்லென்றிருந்தால் வீட்டாருக்கு ஒரு திருப்தி.

வழியில் தைலமரக் காட்டோரம் நாலைந்து பெண்கள் வண்டியை மறித்தார்கள். வெட்டிப்போட்ட கட்டைகளுக்குப் பட்டை உரிக்கிறவர்கள். தைலமரத்து நிழல் பேருக்குத்தான் நிழல். அதன் கீழே உண்ணாமலை என்பவள் கிடந்தாள். முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. பொட்டு வேர்வை இல்லை. வாய் என்னவோ உளறியது. ஆம்புலன்ஸ் வேறொரு கேஸோடு திருச்சிக்குப் போயிருந்தது, வர நேரமாகுமாம்.

"பின்னாடி ஏத்திக்கங்கண்ணே, ஆஸ்பத்திரியில விட்ருங்க" என்றாள் முத்துமாரியம்மாள். அந்தப் பெண்களில் மூத்தவள் அவள்தான்.

"எங்கிட்டு ஏத்துறது? பொணப் பெட்டில்ல இருக்கு."

முத்துமாரியம்மாள் பெட்டியின் கண்ணாடி மேல் கையை வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை. "உள்ள சில்லுன்னு இருக்குல்ல? பெறகென்ன, இதுலயே படுக்க வைப்போம்."

மரம் வெட்டிக்கொண்டிருந்த உண்ணாமலையின் புருஷன் ஆவுடையப்பன் பாய்ந்து வந்தான். "உசுரோட இருக்கவள பொணப் பெட்டியில வைக்கிறதா? எமன நீயே கூப்பிட்டு ஒப்படைக்கிறியா?"

செபமாலைக்கும் அதே எண்ணம்தான். அதற்கு மேலும் ஒன்று இருந்தது: பெட்டிக்குள் உயிர் போனால் போலீஸ் யாரைத் தேடி வரும்? ரைஸ்மில் வீட்டிலிருந்து இரண்டாம் முறையாகப் போன் அடித்தது. பேசாமல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விடத்தான் மனம் சொன்னது. அப்போது உண்ணாமலையின் குதிகால் தரையில் படபடவென்று அடித்துக்கொண்டது. இந்த நிலையில் ஒருவரை அவர் பார்த்ததே இல்லை. எல்லாம் முடிந்த பிறகுதானே அவரைக் கூப்பிடுவார்கள். அவருக்குப் பயமாக இருந்தது.

"மூடியக் கழட்டுங்க" என்றார்.

பெண்கள் தூக்கிப் படுக்க வைத்தார்கள். எல்லோருடைய குடிதண்ணீரையும் முத்துமாரியம்மாள் உண்ணாமலையின் சேலையில் ஊற்றினாள். கூடவே ஏறி உட்கார்ந்து கை கால்களைத் தேய்த்தாள். ஆவுடையப்பன் முன்சீட்டில் உட்கார்ந்து பின்னால் திரும்பவே மாட்டேன் என்றான். செபமாலை போனை அணைத்துவிட்டு வண்டியை ஆஸ்பத்திரிக்குத் திருப்பினார். சாலையோர டீக்கடையில் ஒருவர் பெட்டியைக் கண்டதும் எழுந்து மரியாதையாகத் தோள் துண்டை எடுத்தார். உள்ளிருந்து ஒரு கை உயர்வதைப் பார்த்து, எடுத்த துண்டோடு அப்படியே நின்றுவிட்டார்.

பொழுது சாயும் நேரத்தில் உண்ணாமலை கண் விழித்துப் புருஷனை அடையாளம் கண்டுகொண்டாள். சூட்டைத் தணித்துக் கொண்டுவந்ததால்தான் பிழைத்தாள் என்றார் டாக்டர். கிட்னி அடிவாங்கியிருக்கிறது, இரண்டு மாதம் வெயிலில் வேலை பார்க்கக் கூடாது என்றும் சொன்னார். அதற்குள் ரைஸ்மில் வீட்டில் வேறு பெட்டி வந்து இறங்கியிருந்தது.

ஆவுடையப்பன் வண்டியடிக்கு வந்தான். "வாடகை எவ்வளவுங்க?"

செபமாலை பதில் சொல்வதற்குள் அவனே தொடர்ந்தான். "தப்பா நெனைக்காதீங்கண்ணே. அவ போயிருந்தா நீங்க கேட்டத இந்நேரம் குடுத்திருப்பேன். பங்காளி தருவான், மச்சான் தருவான். கட்டைக் கான்ட்ராக்டர் வாய மூடச் சொல்லி ஒரு தொக தருவான். கவர்மெண்டுலகூட ஏதோ தர்றாங்களாம். பொழச்சுக்கிட்டவளுக்கு யாருண்ணே தர்றா? ரெண்டு மாசம் அவளுக்கு வேலையில்ல. பிள்ளைகளுக்கு ஸ்கூல் வேற தொறக்கப் போகுது."

அவன் அழவில்லை. சந்தையில் விலை சொல்கிறவன் போலத்தான் சொன்னான். செபமாலைக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை, அதுதான் காரணம்.

"போப்பா, போயி அவ பக்கத்துல இரு" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

கீரனூர் நெருங்கும்போது போனை உயிர்ப்பித்தார். உடனே அடித்தது. குளத்தூரிலிருந்து ஓர் ஆண் குரல். அப்பா மத்தியானம் படுத்தவர் எழுந்திருக்கவில்லை, பெட்டி வேண்டும் என்றது. வழக்கமாகச் செபமாலை முதலில் விலாசம் கேட்பார், அடுத்து எத்தனை நாளைக்கு என்று கேட்பார். இன்று இரண்டையும் கேட்கவில்லை.

"மூச்சு நின்னுருச்சான்னு நல்லாப் பாத்தீங்களா?"

பதில் வருவதற்குள் அவரே அடுத்ததையும் சொன்னார்.

"உடம்பு கொதிக்குதான்னு தொட்டுப் பாருங்க. கொதிச்சா தண்ணிய ஊத்துங்க."

"பெட்டிக்காரர்தானே பேசுறது?"

"ஆமாங்க."

இணைப்பு அறுந்தது. வண்டியை ஓரங்கட்டி அவர் திரும்பக் கூப்பிட்டார். நெடுநேரம் அடித்த பிறகு அதே குரல் எரிச்சலோடு சொன்னது: "வேற எடத்துல பெட்டி சொல்லிட்டோம், விடுங்க."

"பெட்டி கெடக்கட்டுங்க" என்றார் செபமாலை. "மூச்சு இருக்கா, பாத்தீங்களா?"