துளசிமணியின் அறையில் குப்பைக் கிடங்கு

சென்னியப்பன் வீட்டின் பின்னறை நகராட்சியின் புதிய குப்பைக் கிடங்குக்குத் தேர்வானது. அளந்து பார்த்ததில் பத்தொன்பது ஏக்கர் இருந்தது. ஒரு கட்டிலும் ஒரு ஜன்னலும் மட்டுமே உள்ள அறை. அளக்க வந்தவர்களுக்கு இதில் வியப்பு ஒன்றும் இல்லை. பூட்டிக் கிடக்கிற அறை பெருகத்தான் செய்யும் என்றார்கள்.

அது அவர் மனைவி துளசிமணியின் அறை. மாதக்கணக்கில் அதில் படுத்துக் கிடந்துதான் அவள் செத்துப்போனாள். அன்று சாத்திய கதவை அவர் திறக்கவே இல்லை. உள்ளே அவள் சீப்பு இருந்தது. சீப்பில் முடி இருந்தது. அதன்மேல் ஊர்க்குப்பை விழப்போகிறது என்றதும் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

முதலில் வார்டு உறுப்பினரைப் பார்க்கப் போனார். உறுப்பினர் போன மாதமே லாரிகளை நிறுக்கும் எடைமேடையாகிவிட்டார். நகராட்சி வாசலில் தரையோடு தரையாகக் கிடந்தார். குறை சொல்ல வருகிறவர்கள் அவர்மேல் ஏறி நின்று சொல்ல வேண்டும்.

"நாப்பத்தொம்பது கிலோங்க," என்றார் உறுப்பினர்.

"அண்ணா, அது என்ற ஊட்டுக்காரி ரூமுங்க."

"அதையும் சேத்துத்தானுங்க சொன்னேன். எறங்குங்க, லாரி வருது."

கருத்துக் கேட்புக் கூட்டம் கல்யாண மண்டபத்தில் நடந்தது. போண்டா கொடுத்தார்கள். ஊரே வந்திருந்தது. நம் ஊர்க்காரர்கள் தங்கமானவர்கள், குப்பை அடுத்தவன் வீட்டுக்குப் போகிற வரைக்கும். "எங்க வீதிக்கு வராம இருந்தாச் செரிங்க," என்று ஒருவர் எழுந்து சொன்னார். துளசிமணி கையால் சோறு தின்றவர்களும் சேர்ந்துதான் கை தட்டினார்கள்.

சென்னியப்பன் எழுந்தார். கூட்டத்தை நடத்திய சுகாதார அலுவலர் தீர்த்தகிரி சாதுவான மனிதர்.

"ஆட்சேபம் சொல்றவரு கெடங்குக்கு ஐநூறு மீட்டருக்குள்ள குடியிருக்கோணுமுங்க."

"நான் அதே ஊட்லதானுங்க இருக்கறேன்."

"அளந்துட்டமுங்க. நீங்க படுக்கற எடத்துல இருந்து அந்தக் கதவு ரெண்டு கிலோமீட்டருங்க."

உண்மைதான். துளசிமணி செத்த நாளிலிருந்து வீட்டின் நடைவழி நீண்டுகொண்டே வந்தது. முதலில் முழங்கால் வலியால் அப்படித் தோன்றுகிறது என்று நினைத்தார். பிறகு நடுவில் ஒரு டீக்கடை வந்தது. டீக்கடை எதிரே மினி பஸ் நின்றது. அது எங்கே போகிறது என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை.

"கடசியா எப்பங்க அங்க போனீங்க?" என்றார் தீர்த்தகிரி.

சென்னியப்பன் விரல்விட்டு எண்ணத் தொடங்கினார்.

"செரி. ஐநூறு மீட்டருக்குள்ள இருக்கறது அந்தம்மா மட்டுந்தான். அவங்களைக் கேட்டுட்டா முடிஞ்சுதுங்க."

எல்லோரும் சென்னியப்பன் வீட்டு நடைக்கு வந்து அந்த மினி பஸ் ஏறிப் போனார்கள். ஐநூறு மீட்டர் எல்லையில் கயிறு கட்டியிருந்தது. கூட்டம் அங்கேயே இறங்கிக்கொண்டது. தீர்த்தகிரி மட்டும் மைக்கோடு நடந்து போய்க் கதவைத் தட்டினார். பஸ்ஸின் மேலிருந்த ஒலிபெருக்கியில் சத்தம் கேட்டது.

"வாங்க, வாங்க," என்றாள் துளசிமணி. அவள் குரலேதான்.

"துளசீ!" என்று கத்தினார் சென்னியப்பன். கத்தல் கயிறு வரைக்கும் போய் நின்றுவிட்டது.

"இங்க குப்பை கொட்டலாமுங்களா, அம்மா?"

"கொட்டிக்கட்டுமுங்க. பாவம், ஊரு வேற எங்க கொண்டுட்டுப் போகும்?"

"நாத்தம் அடிக்குமுங்க."

"எனக்குப் பழகினதுதானுங்க."

"உங்க ஊட்டுக்காரரு ஆட்சேபம் சொல்றாருங்க."



"அவரு வந்திருக்கறாருங்களா?"

"கயித்துக்கு அந்தப் பக்கம் நிக்கறாருங்க."

"அங்கியேதான் நிப்பாரு. நான் கெடையாக் கெடந்தப்பவும் கதவுகிட்ட நின்னு பாத்துட்டுப் போயிருவாருங்க. நாத்தம் அவருக்கு ஆகாது. நீங்க அவர ஒண்ணும் வைய வேண்டாமுங்க."

ஆட்சேபம் எதுவும் இல்லை என்று அறிவித்தார்கள். கூட்டம் கை தட்டியது. மீதியிருந்த போண்டாவையும் கொடுத்தார்கள். சென்னியப்பன் நின்ற இடத்திலேயே வாய்விட்டு அழுதார். அவள் செத்தபோதுகூட அப்படி அழவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் கொஞ்சம் தள்ளி நின்றார்கள்.

குப்பை லாரிகள் வாசல் வழியாக நடைக்குள் வரத் தொடங்கின. அவர் கயிற்றைத் தாண்டி ஓடினார். ஓட ஓட நடை நீண்டது. மூச்சு முட்டி ஒரு லாரியைக் கை காட்டி நிறுத்தினார்.

"கெடங்குக்குக் குப்பை மட்டுந்தானுங்க போகும்," என்றார் டிரைவர்.

"என்னையும் அப்பிடியே போட்டுக்குங்க."

"மக்கறதுங்களா, மக்காததுங்களா? பிரிக்காம ஏத்த மாட்டமுங்க."

சென்னியப்பன் தன்னைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

"மக்கறதுதானுங்க."

டிரைவர் பின்கதவைத் திறந்துவிட்டார். அழுகிய முட்டைக்கோசும் எச்சில் இலையும் கோழி இறகும் கிடந்தன. அவர் ஏறி இடுப்பு வரை அமிழ்ந்து உட்கார்ந்தார்.

"மூக்கப் பொத்திக்குங்க," என்றார் டிரைவர். "தூரம் கூடிட்டே இருக்குது."

அவர் பொத்திக்கொள்ளவில்லை. நெஞ்சு நிறைய இழுத்து இழுத்து மூச்சு விட்டார். "வந்துட்டிருக்கறேன் துளசி," என்று குப்பைக்குள்ளிருந்து சொன்னார். லாரி போய்க்கொண்டே இருந்தது. கதவு இன்னும் தெரியவில்லை.