அண்ணி வீட்டுக் கூடத்துப் படம்

மூன்று நாள் வலியில் வீட்டையே இரண்டாக்கிவிட்டு, நான்காம் நாள் காலை என் கணவர் ஒரு தீப்பெட்டியை என் கையில் வைத்தார். உள்ளே பஞ்சின் மேல் அரை அரிசி அளவில் ஒரு கல். அவருடைய சிறுநீரகத்திலிருந்து வெளியே வந்தது.

"இதுக்கா அந்தக் கூப்பாடு?" என்றேன். அவர் முகம் சுண்டிப்போயிற்று.

நான் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்கிறவள். என்ன வகைக் கல் என்று பார்க்க நுண்ணோக்கியின் கீழ் வைத்தேன். வைத்தவள் கண்ணை எடுக்கவில்லை. வெறும் கண்ணுக்கு அழுக்கு மணல். அங்கேயோ தேன் நிறத்தில் கண்ணாடிக் கோபுரங்கள், ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நின்றன. விளக்கை லேசாகத் திருப்பினால் பட்டைக்குப் பட்டை வெளிச்சம் தாவியது. சட்டைப் பொத்தானை ஒழுங்காகத் தைக்கத் தெரியாத மனிதருக்குள்ளா இவ்வளவு வேலைப்பாடு!

படம் எடுத்து, பெரிதாக்கி, சட்டம் போட்டு மாட்டினேன்.

அடுத்த வாரம் அவருடைய அக்கா வந்தார். எங்கள் வீட்டில் எதைப் பார்த்தாலும் மூக்கைச் சுளிக்கிற அண்ணி, படத்தின் முன்னால் அப்படியே நின்றுவிட்டார்.

"என்னம்மா இது, ரத்தினமா?"

"ஒரு வகைக் கல்லு, அண்ணி."

"ரொம்ப ஆழத்துல இருந்து எடுத்திருப்பாங்களோ?"

"ஆமா. வெளிய வர்றதுக்குள்ள அழுகையே வந்துடுச்சாம்."

கணவர் செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்து முகத்தை மறைத்துக்கொண்டார். அண்ணி படத்தைக் கழற்றிக்கொண்டு போயேவிட்டார்.

பிறகு ஒருநாள் அவர் வீட்டுக்குப் போனோம். கூடத்தின் நட்டநடுவில் படம். பக்கத்து வீட்டம்மாவுக்கு அண்ணி விளக்கிக்கொண்டிருந்தார்: "பூமிக்குள்ள எத்தனை காலம் கிடந்துச்சோ!"

கணவருக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, அது பூமி இல்ல. நான்தான்" என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

படத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டம்மா விரலை மெதுவாகத் துடைத்துக்கொண்டார்.

அண்ணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தை ஒட்டி நின்று பார்த்தார். தம்பியைப் பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

"நாப்பத்தஞ்சு வருஷத்துல நீ உருப்படியா பண்ணது இது ஒண்ணுதான்டா."

படத்தை இறக்கவில்லை. இப்போதெல்லாம் வருகிறவர்களிடம், "எங்க தம்பி பண்ணது" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். அவர்களும் என் கணவரைப் பார்க்கிற இடத்தில், "எங்களுக்கும் ஒண்ணு பண்ணித் தருவீங்களா?" என்று ஆசையாகக் கேட்கிறார்கள்.

அவர் நேரே போய் ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடிக்கிறார்.