வழி சொல்லும் பாட்டு

பூரணம் அடுப்படியில் இருந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். அரிவாளால் சீவியதில் கூர் முறிந்து முறிந்து போயிற்று. உள்ளே ஐயாவின் மூச்சு இழுத்து இழுத்து வந்தது. தகப்பன் சாகக் கிடக்கும்போது பென்சில் சீவுகிற மகள் நறுவிலிக்குளத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். வெட்கமாக இருந்தது. என்ன செய்வது, வாக்குக் கொடுத்தாயிற்று.

ஐயா வினாசித்தம்பி மன்னார்க் கச்சேரியில் கிளாக்கராக இருந்து இளைப்பாறியவர். தன் சனம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அவரை இளமையிலேயே பிடித்து ஆட்டத் தொடங்கியது. ஊரில் கேட்டால், குளம் கட்டின காலம் தொட்டு இங்கேதான் என்று சொல்லிவிட்டு வயலுக்குப் போய்விடுவார்கள். அவருக்கு அது போதவில்லை. வயல் செய்கிற சனம் வீட்டின் முன்பக்கத்தை ஏன் அணியம் என்கிறது? தோணியின் முகப்பை அல்லவா மீனவர்கள் அப்படிச் சொல்கிறார்கள்? தாங்கள் வைக்கோல் கட்டும் முடிச்சை ஒருநாள் கீரி என்ற மீனவர் ஊருக்குக் கொண்டுபோய், தோணிகள் வைத்திருந்த கொன்ஸ்ரன்ரைன் சம்மாட்டியிடம் காட்டினார். "இது பாய்க்கயித்து முடிச்செல்லோ. உங்கட ஆக்களுக்கு ஆர் பழக்கினது?" என்று சம்மாட்டி கேட்டார். அன்று வீடு திரும்பிய ஐயா, சாப்பிடக் கூப்பிட்டதையும் கேளாமல், முற்றத்தில் நின்று கதிர் ஆடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மிச்சம் இருந்தது ஒரு பாட்டு. வீட்டில் ஒருவர் இறந்தால், ஆண்கள் பாடை கட்ட வெளியே போனதும், அந்த வீட்டுப் பெண்கள் கட்டிப்பிடித்துத் தலையோடு தலை முட்டிக்கொண்டு மெல்லிய குரலில் அதைச் சொல்வார்கள். அதைக் கேட்டுக்கொண்டு உயிர் தோணியேறும். முன்னோர் வந்த கரைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பின்னோக்கிப் போய், அவர்கள் முதன்முதல் புறப்பட்ட துறையில் இறங்கும். அந்தத் துறையின் பெயர் பாட்டின் கடைசியில் வரும். ஆண்கள் எவரும் அதைக் கேட்டதில்லை. ஐயாவின் தாய் இறந்தபோது அந்த வீட்டில் அது கடைசியாகச் சொல்லப்பட்டது. பூரணம் அப்போது கைக்குழந்தை. சாவில்லாத வீட்டில் சொல்லவும் கூடாது. சொன்னால் தோணி வாசலில் வந்து நிற்கும். வந்த தோணி வெறுமனே திரும்பாது.

ஐயா விடாக்கண்டன் என்றால் அம்மா சிவக்கொழுந்து கொடாக்கண்டி.

"கடைசிப் பேரை மட்டும் சொல்லுமன்" என்று கலியாணமான நாள் தொட்டுக் கேட்டுப் பார்த்தார்.

"ஏன், உயிரோட இருக்கிறது உங்களுக்குப் பாரமாய் இருக்கோ?" என்பாள் அம்மா.

பக்கத்து வளவில் இருந்த அவருடைய தங்கை நன்னிப்பிள்ளையும் அண்ணனுக்காக வாய் திறக்கவில்லை. கடைசியில் மகளைப் பிடித்தார்.

"நான் கேக்க ஏலாது, பிள்ளை. நான் போன பிறகு அம்மா எனக்குச் சொல்லேக்குள்ள நீ இருந்து எழுதிப்போடு. எழுதாட்டி இது அம்மா, மாமி, நீ எண்டு மூண்டு பொம்பிளையளோட போயிடும். அழுறதைப் பிறகு அழலாம்."

"ஓம் ஐயா" என்றாள். எப்போதோ நடக்கப்போகிற காரியம் என்று நினைத்துத்தான் சொன்னாள்.

ஜோர்ஜ் அரசர் காலமான தை மாதம் அது. வெளியே விடிந்தும் விடியாத பனி. வயலும் குளக்கட்டும் மறைந்து, வீடு மட்டும் வெள்ளையின் நடுவே தனியாக நின்றது. பூரணம் உள்ளே போனபோது ஐயா கண்ணைத் திறந்து அம்மாவைத் தேடினார்.

"ராசா போனார். இனிக் கிளாக்கரும் போகத்தானே வேணும்" என்றார். பிறகு, "இப்பவாவது சொல்லுமன். போறவன்தானே" என்றார்.

அம்மா அவருடைய பாதங்களை மடியில் வைத்திருந்தாள். "இன்னும் மூச்சு இருக்கு" என்றாள்.

"அப்ப சரி. கொஞ்சம் பொறுக்கிறன்."

அவர் சிரித்தார் என்றுதான் பூரணத்துக்குத் தோன்றியது. பனி விலகி, வெயில் முற்றத்துக்கு வந்தபோது அவர் இல்லை.

குளிப்பாட்டி, வேட்டி உடுத்தி, திருநீறு பூசி நடுவீட்டில் கிடத்தினார்கள். வெளியே ஆண்கள் தடி வெட்டுகிற சத்தம் கேட்டது. அம்மா எழுந்து கதவைச் சாத்தினாள். பூரணம் கடுதாசியை மடியில் விரித்து வைத்துக்கொண்டாள். நன்னிப்பிள்ளை மாமி அதைக் கண்டும் காணாததுபோல இருந்தாள். அம்மா தொடங்கினாள்.

*காத்து விழுந்ததையா, கடல்வழி தெளிஞ்சதையா,*
*வந்த வழி பாத்து என்ர ராசா வலிச்சுப் போறீரோ.*

அம்மாவிடம் அப்படி ஒரு குரல் இருந்ததைப் பூரணம் அறிந்ததில்லை. முதலில் மாந்தைத் துறை வந்தது. அது எல்லாருக்கும் தெரிந்த ஊர். எழுதினாள். அவளுடைய கை எழுதப் போனதால் மூன்று பேரும் கட்டிப்பிடித்த வளையம் ஒரு பக்கம் திறந்து கிடந்தது. அம்மா அந்தப் பக்கமாகவே சரிந்துகொண்டிருந்தாள்.

"கையைத் தா, பிள்ளை. அம்மா விழுறா" என்றாள் மாமி.

பூரணம் அம்மாவைப் பார்த்தாள். நெற்றியில் நேற்றைய பொட்டு அரைவாசி அழிந்திருந்தது. அவள் பென்சிலை விட்டுவிட்டு அம்மாவை இறுக்கிக் கட்டிப்பிடித்தாள். அதற்குமேல் எந்த வாக்கும் நினைவில் நிற்கவில்லை. ஐயா என்று கதறினாள்.

மூன்று தலைகளும் முட்டி நின்றன. ஒருத்தி சாய மற்றவள் நிமிர, மூவரும் முன்னும் பின்னும் ஆடினார்கள். கொஞ்ச நேரத்தில் வீடே ஆடுவதுபோல் இருந்தது. வைக்கோல் மணத்தின் நடுவே உப்புக்காற்று அடித்தது. கருமணல் துறை என்று ஒரு கரை வந்தது. கிணறு இல்லாத தீவு ஒன்று வந்தது. பிறகு வந்த பெயர்கள் அவளுக்கு விளங்காத சொற்களாக இருந்தன. ஆனாலும் அங்கெல்லாம் முன்பு இறங்கித் தண்ணீர் குடித்ததுபோல மனம் ஆறியது. ஐயா முதுகைக் காட்டிக்கொண்டு அணியத்தில் இருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. கடைசிப் பெயரை அம்மா பாடவில்லை, அவருடைய காதருகே குனிந்து சும்மா பேசுகிற குரலில் சொன்னாள். பூரணம் அதைத் தெளிவாகக் கேட்டாள். அவ்வளவு சின்னப் பெயர்.

கதவு திறந்தது. ஆண்கள் வந்து தூக்கிக்கொண்டு போனார்கள்.

வீடு கழுவி, தோய்ந்து வந்து, ஈரத் தலையோடு இருந்தபோதுதான் பூரணத்துக்குத் திக்கென்றது. கடுதாசியில் மாந்தை மட்டும் இருந்தது. கண்ணை மூடிக் கருமணல் துறையையும் தீவையும் பிடித்தாள். அதற்கப்பால் எல்லாம் பனியாக இருந்தது. அந்தச் சின்னப் பெயர் நாக்கின் நுனிவரை வந்து திரும்பிப் போயிற்று. ஐயா ஆயுள் முழுக்கத் தேடியதை அவள் கையில் வாங்கித் தவறவிட்டிருந்தாள்.

அம்மா சுவரில் சாய்ந்து இருந்தாள். பக்கத்து வீட்டிலிருந்து வந்த கஞ்சி அவள் முன்னால் ஆறிக்கொண்டிருந்தது. பூரணம் அருகே போய் இருந்தாள்.

"அம்மா, அந்தக் கடைசிப் பேர். ஒருக்காச் சொல்லுங்கோ. ஐயாவுக்கு வாக்குக் குடுத்தனான்."



"வீட்டில இப்ப ஆர் கிடக்கினம், சொல்லுறதுக்கு?" என்றாள்.

"மறந்துபோச்சம்மா."

"அதுக்கென்ன. மாமி எனக்குச் சொல்லேக்குள்ள கேட்டுக்கொள்ளு." கோபம் இல்லாமல்தான் சொன்னாள். "அப்ப வடிவாய் எழுது."

பூரணம் கஞ்சியை எடுத்து அம்மாவின் கையில் கொடுத்தாள். அம்மா இரண்டு வாய் குடித்துவிட்டு, போதும் என்று கையால் மறித்தாள். பூரணம் அந்தக் கையை மெல்ல விலக்கி, இன்னும் ஓர் அகப்பை வார்த்தாள்.