வாசிதிக்கு நூறு ராத்திரி

திமிங்கிலப் பல்லைத் தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள் உனாய்சி. பக்கத்தில் தாழம்பாய்களின் மேல் அவள் அம்மா வாசிதி கிடந்தாள், ஞாயிற்றுக்கிழமைக் கோயிலுக்குப் போடும் நீலக் கவுனில். வெளியே பந்தலில் ஆண்கள் யங்கோனா என்ற போதை வேரைக் கரைத்துக் காலையிலிருந்து குடித்துக்கொண்டிருந்தார்கள். சாவு வீட்டில் அழுகைக்குக்கூட இடைவேளை உண்டு, அந்தக் கலயத்துக்குக் கிடையாது.

"அதை எதுக்குடி எடுத்தே?" என்றாள் அண்ணி லித்தியா. "துக்கத்துக்கு வர்றவங்கதான் நமக்குப் பல் கொடுக்கணும்."

"துணியக் கொடு அண்ணி. ஓரத்துல கறை இருக்கு."

வாசிதியின் கல்யாணத்துக்கு வந்த பல். நாற்பது வருஷமாக பிஸ்கட் டப்பாவில் கிடந்தது. புதன்கிழமை சாயங்காலம், மூச்சு ஏறி இறங்கும்போது, அவள் அந்த டப்பாவைக் கண்ணால் காட்டினாள்.

"திங்கக்கிழமைக்கு முன்னாடி நான் போயிட்டா அதை எடு."

"செத்தும் சும்மா கிடக்க மாட்டியாம்மா?"

"சும்மா கிடக்கத்தான் போறேனே, நூறு வருஷம். அவசரம் என்ன?"

வியாழன் விடியலில் போய்விட்டாள். எதையும் சொன்ன தேதிக்கு முன்பே முடிப்பது அவள் வழக்கம்.

திங்கட்கிழமை நகரத்திலிருந்து படகு வருவதாக இருந்தது. முதுகில் காற்று உருளை கட்டிய எட்டு ஆட்கள் இறங்கி, ஊர்ப் பவளப் பாரில் இருக்கும் கடல் அட்டையை ஒன்று விடாமல் அள்ளிக்கொண்டு போவார்கள். ஊர்த் தலைவர் அபெனிசா தலையாட்டியாகிவிட்டது. இரண்டு கோடைக்கு முன் கடல் கொதித்து எலும்பாய் வெளுத்த பார் அது. இப்போதுதான் கொம்புப் பவளங்களின் நுனியில் நகக்கண் அளவு ஊதா திரும்பியிருந்தது. அட்டை போனால் மணல் அழுகும், மணல் அழுகினால் பவளம் மறுபடி சாகும் என்று வாசிதி ஊர்க்கூட்டத்தில் எழுந்து சொன்னாள். எட்டுக்கால் கணவாய் குத்துகிறவளுக்கு என்ன தெரியும் என்று சிரித்தார்கள். முப்பது வருஷம் அந்தப் பாரில் கணவாய் குத்தியவளைத் தவிர வேறு யாருக்குத் தெரியும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

தலைவர் வீட்டில் சாவு விழுந்தால் நாங்கள் பாரில் ஒரு கம்பு நடுவோம். நூறு ராத்திரிக்கு அங்கே வலையும் விழக்கூடாது, காலும் படக்கூடாது. மற்றவர்கள் செத்தால் ஒரு பாட்டு, ஒரு குழி. அவ்வளவுதான்.

சனிக்கிழமை, குழிக்குப் போகுமுன், உனாய்சி பல்லை இரண்டு கையிலும் ஏந்திப் பந்தலுக்குள் முழங்காலிட்டு நகர்ந்து போனாள். தலைவருக்காகப் பேசுகிறவர் சகியாசி. அன்று காலையிலிருந்து பதினேழு பல்லும் எண்ண முடியாத பாய்களும் கைமாறியதைப் பார்த்து, யங்கோனாவில் நாக்கு மரத்து உட்கார்ந்திருந்தார். வெள்ளையாக ஒன்று நீண்டது. வாங்கினார். ஏற்றுக்கொள்ளும் வார்த்தைகளைப் பழக்கத்தில் முணுமுணுத்தார். கையைக் குவித்து மூன்று தடவை தட்டினார். பந்தலும் தட்டியது.

பிறகுதான் உனாய்சி வாயைத் திறந்தாள்.

"எங்கம்மாவுக்காகப் பாரை மூடணும். நூறு ராத்திரி."

கலயத்தில் கரண்டி நின்றது. பல்லை வாங்கிவிட்டால் கேட்டதைக் கொடுத்தாக வேண்டும். எங்கள் தீவில் அதற்கு மேல் நீதிமன்றம் இல்லை.

"ஏ உனாய்சி!" சகியாசிக்குப் போதை தெளிந்துவிட்டது. "கேட்டுட்டுல்ல கொடுக்கணும்?"

"கேட்டுட்டுல்ல வாங்கணும், மாமா?"

யாரோ பின்னால் இருமினார்கள். அது சிரிப்பு.

"உங்கம்மா என்ன ராணியா? சரி, செத்தவளுக்கு மரியாதை. நாலு ராத்திரி."

"நூறு."

"பத்து. பத்துன்னா பெரிய விஷயம்."

"நூறு மாமா."

"முப்பதுக்கு மேல பேச்சே இல்ல!"

"பேச்சு வேணாம். பல்லைத் திருப்பிக் கொடுங்க, இத்தனை பேர் முன்னால. எங்க தலைவர் வாங்கினதைத் திருப்பிட்டார்னு நான் ஊர் ஊரா சொல்லிக்கிறேன்."

சகியாசி பல்லைப் பார்த்தார். அது கையைச் சுட்டது போலிருந்தது.

பெண்கள் பக்கத்திலிருந்து லித்தியாவே எழுந்துவிட்டாள். "அடிப்பாவி, நூறு ராத்திரி மரவள்ளியை எதைத் தொட்டுத் திங்கிறது? உன் வீட்டு அடுப்பும் அந்தப் பார்தானே!"

"டின் மீன் இருக்கு அண்ணி. அதுவும் வேணாம்னா உப்பு. அட்டைக்காரன் அள்ளிட்டுப் போனா வருஷம் பூரா அதைத்தான் திங்கப்போறோம். பழகிக்குவோம்."

லித்தியா முறைத்தாள், ஆனால் உட்கார்ந்தாள்.

தலைவர் அதுவரை பேசவில்லை. அவர் பேசினால் சகியாசிக்கு வேலை இல்லை. இப்போது பேசினார்.

"படகுக்காரனுக்கு நான் வாக்குக் கொடுத்திருக்கேன், பொண்ணே."

"அவன் பல் கொடுத்தானா ஐயா?"

அவன் கொடுத்தது ஒரு பெட்டி சிகரெட். அதில் பாதி அந்தப் பந்தலிலேயே புகைந்துகொண்டிருந்தது.

தலைவர் பந்தலைத் தாண்டி, திறந்த கதவு வழியே தெரிந்த நீலக் கவுனைப் பார்த்தார்.

"உயிரோட இருந்தப்பவும் இவகிட்ட நான் ஒரு தடவைகூட ஜெயிச்சதில்ல," என்றார். பிறகு, "சகியாசி, வாங்கினது நீ. திங்கக்கிழமை படகுக்காரன்கிட்ட நீயே போய்ச் சொல்லு."

வாசிதியை மண்ணில் இறக்கி, பாட்டு முடிந்ததும், கடல் வற்றியிருந்த நேரம் பார்த்து உனாய்சி பாரில் நடந்தாள். கம்புக்கு யாரையும் கேட்கவில்லை. அம்மா கணவாய் குத்தும் இரும்புக் கம்பியை, கொம்புப் பவளத்தில் படாமல், ஒரு மணல் குழியில் குத்தி இறக்கி, அதன் தலையில் தென்னங்குருத்தைக் கட்டினாள். திரும்பும்போது ஒவ்வொரு காலையும் பார்த்துப் பார்த்து வைத்தாள்.

திங்கட்கிழமை படகு வந்தது. சகியாசி ஒரு சின்னப் படகில் எதிரே போனார். இரண்டும் ஒட்டி நிற்க, கைகள் ஆடுவது கரையிலிருந்து தெரிந்தது. முதலில் அவர்கள் கை, பிறகு அவர் கை, பிறகு கம்பியை நோக்கி ஒரு விரல். அரைமணி நேரம் ஆயிற்று. பெரிய படகின் இயந்திரம் இருமி, வந்த வழியே முகத்தைத் திருப்பிக்கொண்டது.

உனாய்சி அம்மாவின் கூடையோடு மணல் விளிம்பில் நின்றிருந்தாள். கூடையை ஏன் எடுத்து வந்தோம் என்று அப்போதுதான் பார்த்தாள். கை எட்டும் தூரத்தில், முதல் கல்லுக்கு அடியில், அம்மா தினமும் எட்டிப் பார்க்கும் பொந்து. அதிலிருந்து கொழுத்த எட்டுக்கால் கணவாய் ஒன்று வெளியே வந்து, பழுப்பிலிருந்து சிவப்பாகி, அவளை ஏற இறங்கப் பார்த்தது.

"பாக்கிறியா?" என்றாள் உனாய்சி. "தொண்ணூத்தெட்டு இருக்கு. அதுவரைக்கும் ஆடு."

கணவாய் நிதானமாகப் பின்வாங்கிப் பொந்துக்குள் போயிற்று. ஒரு கை மட்டும் வெளியே நீண்டு, ஒரு கல்லை இழுத்து வாசலை மூடிக்கொண்டது.